டைபர்ன் கன்னியர் மடம்

இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் ஓய்வென்பதையே அறியாத சந்தி ஒன்று உண்டு. கிழக்கிலிருந்து கடைகள் நிறைந்த ஆக்ஸ்போர்டுத் தெரு வந்து அதிற் கலக்கின்றது. வடமேற்கு நோக்கி எட்ஜ்வேர் சாலை செல்கின்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமானியர் அமைத்த பெருவழியின் மீதே அச்சாலை இன்றும் நேராக ஓடுகின்றது. மேற்கே பேஸ்வாட்டர் சாலை. தெற்கே பார்க் லேன். அவ்விரு சாலைகளுக்கும் இடையே சுமார் 350 ஏக்கர் பரப்புள்ள ஹைடு பூங்கா பசுமையாய்ப் பரந்து கிடக்கின்றது. சந்தியில் மார்பிள் ஆர்ச்சு என்னும் வெண்பளிங்கு வளைவு நிற்கின்றது. அது முதலில் பக்கிங்காம் அரண்மனைக்கு வாயிலாகக் கட்டப்பெற்றுப் பின்னர் 1851 ஆம் ஆண்டில் பெயர்த்தெடுத்து இங்கே நிறுவப்பெற்றதாகும். நிலத்தின் அடியில் 1900 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சுரங்க இரயில் நிலையம் உள்ளது. நிலத்தின் மேல் சிவப்பு நிற இரட்டை மாடிப் பேருந்துகள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்கின்றன. எட்ஜ்வேர் சாலையின் இருபுறமும் அரபு நாட்டாரின் உணவு விடுதிகள் விளக்கொளி வீசுகின்றன. பூங்காவின் வடகிழக்கு மூலைக்குப் 'பேச்சாளர் மூலை' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு பெட்டியின் மேலோ ஏணியின் மேலோ ஏறி நின்று தம் கருத்தை உரக்கப் பேசலாம்; கேட்போர் உடனே மறுத்தும் பேசலாம்.

இத்துணை ஆரவாரத்துக்கும் கூப்பிடு தூரத்தில், பேஸ்வாட்டர் சாலையின் வடபுறத்தில், பூங்காவை நோக்கியவாறு ஒரு கன்னியர் மடம் இருக்கின்றது. அதற்கு விண்ணைத் தொடும் கோபுரம் இல்லை. விரிந்த முற்றம் இல்லை. அடுத்தடுத்து நிற்கும் வீடுகளின் வரிசையில் தானும் ஒன்றாக அது நிற்கின்றது. வழிச்செல்வோரிற் பலர் அதனைக் கவனியாமலே கடந்து போவர். கவனிப்போரும் பெரும்பாலும் அதனை ஒட்டிய ஒரு சிறு வீட்டைப் பார்த்தே வியந்து நிற்பர். ஹைடு பார்க் பிளேஸ் 10 ஆம் எண்ணுள்ள அவ்வீட்டின் அகலம் ஏறத்தாழ மூன்றரை அடிதான்! கைகளை நீட்டினால் இரு சுவரையும் ஒருங்கே தொட்டுவிடலாம். 1805 ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்ற அதுவே இலண்டனில் மிகச் சிறிய வீடு எனச் சொல்லப்படுகின்றது. பின்புறத்தில் அக்காலத்தில் இருந்த இடுகாட்டுக்குள் பிணத்திருடர் நுழையாதபடி ஒரு சந்தை அடைப்பதற்காகவே அதனைக் கட்டினர் என்றும் கூறுவர். இரண்டாம் உலகப்போரின்போது 1941 ஆம் ஆண்டில் குண்டு வீச்சினால் அது சேதமுற்றது. இன்று அது மடத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது.

கன்னியர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் பள்ளிகளிற் பாடம் கற்பிப்போரும் மருத்துவமனைகளில் நோயாளரைப் பேணுவோரும் ஆவர். டைபர்ன் மடத்துக் கன்னியர் அவ்வகையினர் அல்லர். அவர்கள் பள்ளி நடத்துவதில்லை, மருத்துவமனை நடத்துவதுமில்லை. மடத்தின் எல்லைக்குள்ளேயே வாழ்ந்து, இறைவனை வழிபடுவதனையும் தியானிப்பதனையுமே தம் வாழ்நாளின் முழுப்பணியாக மேற்கொண்டவர்கள் அவர்கள். மருத்துவம் போன்ற இன்றியமையாத் தேவை நேர்ந்தாலன்றி அவர்கள் வெளியே செல்வதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் இத்தகைய தியானத் துறவிகள் மிகப் பழங்காலந்தொட்டே இருந்து வருகின்றனர். ஆயின் அவர்களைப் பாலையிலும் மலையிலும் கானகத்திலும் காண்பது இயல்பு. பேருந்துகள் உறுமும் பெருவீதியில், அதிலும் இந்தக் குறிப்பிட்ட மூலையில், அவர்கள் ஏன் குடியேறினர்? அதனை அறிய வேண்டுமாயின் இவ்விடத்தின் பழைய வரலாற்றை நாம் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அவ்வரலாறு இனியதன்று.

இங்கே முற்காலத்தில் டைபர்ன் என்னும் சிற்றூர் இருந்தது. அப்பெயர் அதன் அருகில் ஓடிய ஓடையால் வந்தது. இன்று அவ்வோடை தெருக்களுக்கு அடியில் மூடிய வாய்க்காலாக, எவர் கண்ணிலும் படாமல் ஓடுகின்றது. இலண்டன் நகரம் அக்காலத்தில் இவ்விடம்வரை வளரவில்லை; சுற்றிலும் வயலும் புல்வெளியுமே இருந்தன. குற்றவாளிகளைத் தூக்கிலிடும் களமாக டைபர்ன் அமைந்தது. இங்கு நடந்த தூக்குத் தண்டனைகளுள் ஏடுகளிற் காணப்படும் முதலாவது 1196 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1571 ஆம் ஆண்டில் மூன்று கால்கள் நட்டு, அவற்றின் தலைகளை மூன்று விட்டங்களால் முக்கோணமாக இணைத்த பெருந்தூக்குமரம் ஒன்று நிறுத்தப்பெற்றது. 'டைபர்ன் மரம்' என்று மக்கள் அதனை அழைத்தனர். ஒரே வேளையில் இருபத்து நால்வரைத் தூக்கிலிடும் அளவுக்கு அது பெரியது.

நியூகேட்டுச் சிறையிலிருந்து சுமார் மூன்று மைல் தூரம் குற்றவாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவர். பல சமயங்களில் அவரவர்க்குரிய சவப்பெட்டியும் அதே வண்டியில் வரும். வழிநெடுக மக்கள் நெருங்கி நிற்பர். வழியில் ஒரு மதுக்கடையில் வண்டியை நிறுத்திக் குற்றவாளிக்கு இறுதியாகக் குடிக்கக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. தூக்கு நாள், தொழில் பழகும் இளைஞர்க்கு விடுமுறை நாளாகவே கழிந்தது. களத்தைச் சுற்றி மேடைகள் கட்டி, நன்றாகக் காண்பதற்கென்று இருக்கைகளைப் பணத்துக்கு விற்றனர்! தின்பண்டம் விற்போரும், தூக்கிலிடப்படுவோரின் கதையை அச்சிட்டு விற்போரும் கூவித் திரிந்தனர். ஓவியர் ஹோகார்த்து 1747 ஆம் ஆண்டில் வெளியிட்ட படமொன்றில் இக்காட்சியைக் காணலாம். அப்படத்தில் தூக்குமரம் தொலைவில் சிறிதாகத் தெரிகின்றது. முன்னே நிறைந்திருப்பது கூட்டமும் அதன் கும்மாளமுமே. மனிதன் சாவதை மனிதர் திருவிழாவாகக் கொண்டாடிய களம் இது.

திருடரும் கொலைஞரும் கள்ள நாணயம் அடித்தோருமே இங்கு மிகுதியாக மாண்டனர். வயிற்றுக்கின்றிச் சிறு பொருள்களைத் திருடியோரும் அவர்களுள் உண்டு. ஆனால் வேறொரு வகையாரும் இக்களத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். எட்டாம் ஹென்றி மன்னன் பாப்பரசருடன் பிணங்கி, 1534 ஆம் ஆண்டில் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவனாக ஆக்கும் சட்டத்தை நிறைவேற்றினான். அதனை ஏற்று ஆணையிடுமாறு குடிகளைப் பணித்தான். பலர் ஆணையிட்டனர், சிலர் மறுத்தனர். மறுத்தோருள் முதன்மையானவர்கள், வியப்புக்குரிய வகையில், வாய் பேசாத் துறவிகளே! இலண்டன் சுவர்களுக்கு வெளியே கார்த்தூசிய சபையினரின் மடம் ஒன்று 1371 ஆம் ஆண்டு முதல் இருந்து வந்தது. அங்கு வாழ்ந்தோர் ஒவ்வொருவரும் தனித்தனிச் சிறு குடிலில் தங்கி, தோட்டம் கொத்தியும் ஏடெழுதியும் மௌனமாக இறைவனைத் தியானித்து வந்தனர். அரசியலில் அவர்கள் தலையிட்டதில்லை. அம்மடத்தின் தலைவரான ஜான் ஹாட்டன் என்பவரும், அச்சபையின் வேறிரு மடத்துத் தலைவர்களும், மற்றொரு துறவியும், ஒரு குருவும் ஆக ஐவர், 1535 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் நாள் டைபர்னில் கொல்லப்பட்டனர்.

அவர்கள் புறப்பட்டுச் சென்றதை இலண்டன் கோட்டைச் சிறையின் சாளரத்திலிருந்து ஒருவர் தம் மகளுடன் நின்று பார்த்தார். அவர் சர் தாமஸ் மூர், முன்னாள் தலைமை அமைச்சர், பேரறிஞர், அதே ஆணையை மறுத்ததற்காகச் சிறையிலிருந்தவர். துறவிகள் அஞ்சாமல் மகிழ்ச்சியுடன் செல்வதை அவர் தம் மகளுக்குச் சுட்டிக்காட்டினார் என்று அவர் மருகர் எழுதி வைத்துள்ளார். இரண்டு திங்கள் கழித்து அவர் தலையும் வெட்டுண்டது.

அன்று தொடங்கி 1681 ஆம் ஆண்டுவரை கத்தோலிக்க நெறியை விடாமை காரணமாக டைபர்னில் உயிர் நீத்தோர் 105 பேர் என்பர். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் புகழ் பெற்ற புலவராய் விளங்கி, எலிசபெத்து அரசியாலேயே பாராட்டப்பெற்று, பின்னர் இயேசு சபைக் குருவாகி மாறுவேடத்தில் நாடு திரும்பிய எட்மண்ட் காம்பியன் 1581 ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் இங்கே மாண்டார். குருமார்க்குத் தன் இல்லத்தில் இடமளித்தமைக்காக ஆன் லைன் என்னும் கைம்பெண் 1601 ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பெற்றார். இவ்வரிசையில் இறுதியானவர் அயர்லாந்துப் பேராயர் ஆலிவர் பிளங்கெட். மன்னனைக் கொல்லக் கத்தோலிக்கர் சதி செய்கின்றனர் என்று பொய்யர் சிலர் கட்டிவிட்ட கதையை நாடே நம்பிய காலம் அது. அக்கதைக்கு 1681 ஆம் ஆண்டு சூலை முதல் நாள் அவர் பலியானார்.

இங்கு ஒன்று கூறுதல் நேர்மையாகும். கொடுமை ஒரு சாராரிடம் மட்டும் இருந்ததன்று. கத்தோலிக்க அரசியான மேரி 1553 முதல் 1558 வரை ஆண்ட ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 280 புரோட்டஸ்டண்டு மக்கள் தீயிலிட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களும் தாம் உண்மையெனக் கொண்டதை விட மறுத்தவர்களே. அரசின் சமயமே குடியின் சமயமாதல் வேண்டும் என்று அக்காலம் எண்ணியது. அவ்வெண்ணத்துக்கு இரு திறத்து நல்லோரும் இரையாயினர்.

டைபர்னில் கடைசித் தூக்கு 1783 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நிகழ்ந்தது. நகரம் மேற்கே வளர்ந்தது. வயல்கள் வீதிகளாயின, செல்வர் மாளிகைகள் எழுந்தன. தூக்குமரம் நின்ற இடமருகே வாழ்கிறோம் என்பதை அச்செல்வர் நினைக்க விரும்பவில்லை. டைபர்ன் என்ற பெயரே மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. 1829 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையையும் பெற்றனர். ஆனால் 1585 ஆம் ஆண்டில் கிரெகரி கன் என்னும் குரு ஒருவர், காம்பியன் மாண்ட இவ்விடத்தில் ஒரு நாள் துறவியர் மடம் எழும் என்று விசாரணையின்போது கூறியதாக ஒரு செய்தி வழிவழியாக வந்துள்ளது. இப்போதைய மடத்தார் அதனை அன்புடன் எடுத்துச் சொல்வர்.

மடம் எழுந்த விதமோ எவரும் திட்டமிட்டதன்று. பிரான்சு நாட்டில் திஜோன் நகரைச் சார்ந்த பகுதியில் 1838 ஆம் ஆண்டில் பிறந்தவர் மரி அடேல் கார்னியே அம்மையார். பாரிசு நகரின் மோன்மார்த்துக் குன்றின் மேல் அக்காலத்தில் இயேசுவின் திரு இருதயத்துக்கென ஒரு பெருங்கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. அக்கோயிலில் இரவு பகல் இடைவிடாத ஆராதனை 1885 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. அம்மையார் அவ்வழிபாட்டில் உள்ளம் பறிகொடுத்தார். உடல் நலம் குன்றியவர்; முதல் முயற்சியில் தோல்வியும் கண்டவர். எனினும் தம் அறுபதாம் அகவையை அணுகிய காலத்தில், 1898 ஆம் ஆண்டில், சில பெண்களுடன் மோன்மார்த்தில் ஒரு சிறு துறவுக் குழுவைத் தொடங்கினார்.

நெடுங்காலம் அங்கே நிலைபெற்று வாழ அக்குழுவுக்கு வாய்க்கவில்லை. 1901 ஆம் ஆண்டு சூலை முதல் நாள் பிரெஞ்சு அரசு சங்கங்களைப் பற்றிய ஒரு சட்டத்தை இயற்றியது. மற்றைச் சங்கங்களுக்குத் தாராளமான உரிமையளித்த அச்சட்டம், துறவற சபைகள் மட்டும் அரசின் தனி இசைவு பெற்றே இயங்க வேண்டும் என விதித்தது. இசைவு கிடைப்பது அரிது என்பது எல்லார்க்கும் தெரிந்திருந்தது. சபைகள் பல எல்லை கடந்து பெல்ஜியத்துக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் புறப்பட்டன. கார்னியே அம்மையாரும் அவருடைய தோழியரும் அதே ஆண்டில் இலண்டனுக்கு வந்து சேர்ந்தனர். மொழி புதிது; நாடு புதிது; கையிற் பொருளும் மிகுதியில்லை. 1903 ஆம் ஆண்டில் டைபர்ன் களத்தருகே அவர்களுக்கு ஒரு வீடு அமைந்தது. அன்று தொட்டு இன்றுவரை அவர்கள் அங்கேயே வாழ்ந்து வருகின்றனர். அம்மையார் 1924 ஆம் ஆண்டில் அம்மடத்திலேயே காலமானார்.

பாருங்கள், வரலாறு எவ்வாறு வளைந்து வந்துள்ளது என்பதை! மௌனத் துறவிகளைக் கொன்ற அதே களத்தில், வேறொரு நாடு வெளியேற்றிய மௌனத் துறவியர் அடைக்கலம் புகுந்தனர். கொன்ற நாடே அடைக்கலம் அளித்தது.

இம்மடத்தார் புனித ஆசிர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றுவோர். பெனடிக்ட் என மேனாட்டார் வழங்கும் அவர் ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்தவர். அவர் எழுதிய ஒழுங்கு நூல் 73 சிறு அதிகாரங்களை உடையது. ஒரு மாலைப்பொழுதிற் படித்து முடித்துவிடலாம். வானளாவிய தத்துவங்களை விட, எப்போது உறங்குவது, எவ்வளவு உண்பது, சமையல் முறை யாருக்கு, தாமதித்து வந்தவரை என்செய்வது என்பன போன்ற செய்திகளே அதில் மிகுதி. கூடி வாழ்தலின் இடர்களை நன்கறிந்த ஒருவர் எழுதிய நூல் என்பது பக்கந்தோறும் புலனாகும். உழைப்பின்றி இருத்தலை அவர் விரும்பவில்லை. ஆதலின் வழிபாட்டுக்கு ஒரு பகுதி, கைவேலைக்கு ஒரு பகுதி, படிப்புக்கு ஒரு பகுதி என நாளை வகுத்தார். விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்றார். வேதாகமத்துச் சங்கீதங்கள் 150 ஐயும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும் என்றும் வகுத்தார்.

ஆகவே மடத்தில் ஒரு நாள் என்பது மணியோசையால் ஆனது. விடியுமுன் எழுதல், கோயிலிற் கூடிச் சங்கீதம் பாடுதல், திருப்பலி, வேலை, மீண்டும் சங்கீதம், உணவு, படிப்பு, மீண்டும் சங்கீதம் என்று நாள் நகரும். ஒரு நாளில் ஏழு முறை அவர்கள் பாடக் கூடுகின்றனர். சமைத்தல், துவைத்தல், தைத்தல், தோட்டம் பேணுதல், கடிதங்களுக்கு விடையிறுத்தல் ஆகிய எல்லா வேலைகளையும் தாமே செய்துகொள்கின்றனர். பெரும்பகுதி மௌனம். ஆனால் ஊமைகளைப் போல எப்போதும் பேசாதிருப்பர் என்று எண்ணுதல் தவறு. ஒருவரோடொருவர் மகிழ்ந்து பேசி இளைப்பாறுவதற்கென்றும் பொழுது ஒதுக்கப்பட்டுள்ளது.

இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக விளங்குவது நற்கருணை ஆராதனை. திருப்பலியில் குரு அர்ச்சிக்கும் அப்பம் கிறிஸ்துவின் திருவுடலாகின்றது என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. அதனைக் கதிர்ப்பாத்திரம் என்னும் ஒளிக்கதிர் வடிவான பொற்கலத்தில் வைத்துப் பீடத்தின் மேல் எழுந்தேற்றம் செய்திருப்பர். அதன் முன் கன்னியர் முறை வைத்து, ஒருவர் எழுந்தால் மற்றொருவர் முழந்தாளிட, இடைவிடாது வழிபடுகின்றனர். நந்தாவிளக்கை நெய் வற்றவிடாமல் காப்பது போன்றது அப்பணி. நள்ளிரவில் உறக்கத்தைத் துறந்து எழுந்து வரவேண்டும், குளிர்காலத்திலும் வரவேண்டும், மனம் ஒன்றாத நாளிலும் வரவேண்டும். நாம் ஒரு நாள் செய்தால் அது வீரமாகத் தோன்றும். ஆண்டுக்கணக்கில் எவரும் காணாமற் செய்யும்போது அதன் அருமை வேறு.

மடத்துக் கோயில் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கும். வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்தவுடன் சாலையின் இரைச்சல் திடீரெனத் தேய்ந்து போகும். கோயிலின் ஒரு பகுதி வருவோர்க்கு உரியது. கம்பி அடைப்புக்கு அப்பாலுள்ள பகுதி கன்னியர்க்கு உரியது. அலுவலகத்திலிருந்து நடுப்பகலில் வந்தோரும், கடைப்பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டோரும், வேற்று நாட்டினரும் சிறிது நேரம் அமர்ந்து எழுந்து போவர். நோயுற்ற குழந்தைக்காக, பிரிந்த கணவனுக்காக, கிடைக்காத வேலைக்காக மன்றாடுமாறு கன்னியரை வேண்டிக்கொள்வோர் பலர். தொலைநாடுகளிலிருந்தும் அத்தகைய வேண்டுதல்கள் வருகின்றன.

இவ்வளவையும் கேட்ட மாணவர் ஒருவர், "அவர்களால் உலகுக்கு என்ன பயன்?" என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. இக்கேள்வியை மன்னர்களும் கேட்டிருக்கின்றனர். ஆஸ்திரிய நாட்டுப் பேரரசன் இரண்டாம் ஜோசப் கொடியவன் அல்லன், சீர்திருத்தம் விரும்பியவன், சமயப் பொறை காட்டியவன். பள்ளியும் நடத்தாமல், நோயாளரையும் பேணாமல், தியானம் மட்டும் செய்யும் மடங்களால் நாட்டுக்குப் பயனில்லை என்று கருதி, 1782 ஆம் ஆண்டில் அவற்றை மூடுமாறு அவன் ஆணை பிறப்பித்தான். அம்மடங்களின் பொருளைக் கொண்டு பங்குக் கோயில்களையும் பிற நற்பணிகளையும் பேணினான் என்பதையும் மறுத்தல் இயலாது.

கன்னியரைக் கேட்டால், பிறர்க்காக மன்றாடுவதே தம் தொண்டு என்பர். இறைவனை நம்புவோர்க்கு அவ்விடை போதும். நம்பாதோர்க்கு அது போதாது. அவர்களை வற்புறுத்தி இணங்கச் செய்யவும் இயலாது. என்னளவில், பயன் என்னும் முழக்கோலைக் கொண்டு எல்லாவற்றையும் அளக்கப் புகுவதே ஆபத்தானதென்று எண்ணுகின்றேன். இன்ன வாழ்க்கை பயனுடையது, இன்னது பயனற்றது என்று அரசன் ஒருவன் முடிவு கட்டத் தொடங்கினால், முதலில் மூடப்படுவது மடமாக இருக்கலாம். அடுத்து மூடப்படுவது எது என்பது யாருக்குத் தெரியும்? எதிர்ச் சாலையோரத்தில் பேச்சாளர் மூலையில் ஒருவர் நின்று, 'கடவுளே இல்லை' என்று தொண்டை வற்ற முழங்குகின்றார். இப்பால் மடத்தினுள் ஒருவர் அக்கடவுளின் முன் முழந்தாளிட்டிருக்கின்றார். இருவரையும் எவரும் சிறைபிடிப்பதில்லை. மூன்று கால் மரம் நின்ற மண்ணில் இந்த நிலை வந்தது சிறு செய்தியன்று.

பிறர் அவர்களை வற்புறுத்தி அடைத்து வைத்திருக்கின்றனரோ என்ற ஐயமும் சிலர்க்கு எழும். பழங்காலத்தில் ஐரோப்பாவில் செல்வர் தம் பெண்மக்களை அவர்தம் விருப்பமின்றி மடங்களிற் சேர்த்ததுண்டு. அது மறைக்கத்தக்க வரலாறன்று. இன்று நிலை வேறு. மடத்தில் சேர விழைவோரை எளிதில் உள்ளே விடலாகாது. நான்கைந்து நாள் கதவைத் தட்டியும் பொறுமை இழக்காதவரையே ஏற்க வேண்டும் என்று ஆசிர்வாதப்பரே எழுதியுள்ளார். இக்காலத்தில் அத்தடைகள் இன்னும் நீண்டுள்ளன. 2018 ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து வெளியிடப்பெற்ற விதிகளின்படி, தியான மடத்திற் சேரும் பெண் ஒருவர் இறுதி வாக்குறுதி அளிப்பதற்கு முன் குறைந்தது ஒன்பது ஆண்டுகள் பயிற்சியில் இருத்தல் வேண்டும். அக்காலத்தில் எந்நாளிலும் அவர் விடைபெற்றுச் செல்லலாம், செல்வோரும் உண்டு. ஒரு மருத்துவர் உருவாவதற்கு ஆகும் காலத்தை விட இது குறைந்ததன்று. தங்கிவிடுவோர் தாய் தந்தையரை விட்டு, தமக்கென ஒரு குடும்பம் என்பதையும் விட்டுத் தங்குகின்றனர். பெற்றோர் சிலர்க்கு அது ஆறாத் துயரமாக இருப்பதும் உண்மையே. கம்பி அடைப்புக்கு இருபுறத்திலும் இழப்பு உண்டு.

ஐரோப்பாவில் துறவு மடங்களை நாடும் பெண்களின் தொகை குறைந்து வருகின்றது. எனினும் டைபர்ன் சபை இலண்டனோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியா, அயர்லாந்து, பெரு, நியூசிலாந்து முதலிய நாடுகளிலும் அதன் மடங்கள் தோன்றியுள்ளன.

கோயிலுக்கு அடியில் நிலவறை ஒன்றுள்ளது. டைபர்னில் மாண்ட வேதசாட்சிகளின் நினைவுப் பொருள்கள் அங்கே காக்கப்படுகின்றன. எலும்புத் துண்டு, ஆடையின் கிழிசல், ஒரு கற்றை மயிர் என்று எல்லாம் மிகச் சிறியவை. தூக்குக் களத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற நண்பர்கள் உயிருக்குத் துணிந்து மறைத்தெடுத்து வந்தவை பல. நிலவறையின் பீடத்துக்கு மேலே அந்த முக்கோணத் தூக்குமரத்தின் மாதிரி உருவம் அமைந்துள்ளது. கொலைக் கருவியை வழிபாட்டிடத்தில் வைப்பதா என்று முதன்முறை காண்போர் திடுக்கிடுவர். சிலுவையும் ஒரு காலத்தில் கொலைக் கருவியே என்பதை அவர்கள் சற்றுக் கழித்தே நினைவு கூர்வர். கன்னியருள் ஒருவர் வருவோரை அழைத்துச் சென்று ஒவ்வொரு பொருளின் வரலாற்றையும் அமைதியாக எடுத்துரைப்பார்.

மரம் நின்ற இடமோ மடத்திலிருந்து சில நூறு அடிகளே. எட்ஜ்வேர் சாலை பேஸ்வாட்டர் சாலையைச் சந்திக்கும் இடத்தில், வாகனங்களுக்கு நடுவே நடப்போர் நின்று செல்வதற்கான சிறு திட்டு ஒன்றுண்டு. அதன் தரையில் வட்டமான கல் ஒன்று பதிக்கப்பெற்று, டைபர்ன் மரம் நின்ற இடம் என்பதைத் தெரிவிக்கின்றது. 2014 ஆம் ஆண்டில் அதனைச் சுற்றி மூன்று கருவாலி மரக்கன்றுகளை நட்டனர். ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, நியூகேட்டுச் சிறை இருந்த இடத்தருகிலிருந்து மக்கள் சிலர் கூடிப் புறப்படுகின்றனர். முன்னாளில் வண்டிகள் வந்த அதே மூன்று மைல் வழியே, இடையிடையே நின்று செபம் சொல்லி, கடைவீதிக் கூட்டத்தை ஊடறுத்து நடந்து, மாலையில் மடத்தை அடைகின்றனர். அவர்கள் உள்ளே வரும்போதும் கம்பி அடைப்புக்கு அப்பால் ஒரு கன்னியர் முழந்தாளிட்டபடியே இருப்பார். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் முறை முடிந்ததும் மற்றொருவர் வந்து அவ்விடத்தில் முழந்தாளிடுவார்.